உடன் வருபவர் மூன்று

எட்டே காலுக்கு பஸ். ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் இருந்து புறப்படும், இருபது நிமிஷத்தில் மலையடிவாரம், முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் சொல்லி வைக்காதவர்களை ஏற்றிக்கொள்ள இயலாது, மிகவும் வருந்துகிறோம். திரையில் இருந்த அந்த வருந்துகிறோமை மட்டும் நோட்டில் எழுதாமல் வளர்மதி வாய்க்குள் ஒரு தரம் ஜப்பானிய மொழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பத்து வருஷம் ஆயிற்று அந்த மொழியை வாய்விட்டுப் பேசி. வடவள்ளியில் இந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்து பம்பு கம்பெனிக்காக அவள் மொழிபெயர்க்கிற தாள்களில் யாரும் எதற்கும் வருந்துவதில்லை. வால்வைத் திறக்கவும், மூடவும், எண்ணெய் அளவைச் சரிபார்க்கவும், அவ்வளவுதான். எட்டே கால் பஸ்ஸைப் பிடிக்க டோக்கியோவில் உவேனோ ஸ்டேஷனில் ஆறு முப்பத்தெட்டுக்கு புல்லட் ரயில் ஏற வேண்டும், அதற்குத் தாரகையின் ஹாஸ்டலில் இருந்து ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு நாலரைக்கு எழுந்தாக வேண்டும், எழுந்துவிடுவாளா அந்தக் கழுதை, இருபது வயதாகியும் மூன்று அலாரம் வைத்து மூன்றையும் அமுக்கிவிட்டுத் தூங்குகிறவள். எழுப்பிவிடலாம். பக்கத்தில்தானே படுத்திருப்பேன் என்று நினைத்ததும் பேனா சற்று நின்றது. மகளுக்குப் பக்கத்தில் படுத்து இரண்டரை வருஷம் ஆகிறது. ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை, யுகினோசாவா என்கிற சின்னப் பனிச்சறுக்கு மலை, காலையில் போய் மாலையில் திரும்புவது. பெரிய ரிசார்ட்டெல்லாம் வேண்டாம் என்று சொன்னது தாரகைதான். "அங்கெல்லாம் எல்லாரும் பறப்பாங்கம்மா, நாம நடுவுல நின்னா திட்டுவாங்க. இது குட்டி மலை, மூணே மூணு லிஃப்ட், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பசங்க வர்ற இடம். நீயே பிளான் போடு, உனக்குத்தான் அது புடிக்குமே." பிடிக்கும்தான். ஹமமட்சுவில் குடியிருந்தபோது பள்ளிச் சுற்றுலாவுக்கென்று அம்மாக்கள் சேர்ந்து ஒரு கையேடு தயாரிப்பார்கள், எத்தனை மணிக்கு எங்கே கழிப்பறை என்பதுவரை அதில் இருக்கும், அந்தக் குழுவில் ஒரே வெளிநாட்டுக்காரியாக அவளைச் சேர்த்துக்கொண்டது அவள் வாங்கிய எம்.ஏ. பட்டத்தைவிடப் பெரிதாகப் பட்ட காலம் அது. ஆனால் ஹமமட்சுவில் பனி விழாது. ஒன்பது வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டுப் பனியை மிதிக்காமலே ஊர் திரும்பியவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். ஒரு தடவை கிளம்பினார்கள், தாரகைக்கு ஒன்பது வயது, வாசலில் வைத்துக் காய்ச்சல் கண்டுவிட்டது, பையைப் பிரித்துக் கையுறைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார்கள். அடுத்த வருஷம் அம்மாவும் பெண்ணும் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டார்கள், பெண் தமிழும் படிக்கட்டும் என்று. கணவர் தண்டபாணி அங்கேயே வேலையில் இருந்துவிட்டார்.

"ஏனுங்க்கா, சறுக்கி வுழறதுக்குன்னே ஒரு மலையா?" என்றாள் ராமாத்தா. வீட்டு வேலைக்கு வருகிறவள், மார்கழிக் குளிருக்குத் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு, மேஜைக்கடியில் துடைப்பத்தை விட்டு வளர்மதியின் கால்களைத் தூக்கச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "சறுக்கி விழறதுக்கில்ல ராமாத்தா, சறுக்கறதுக்கு." "ரெண்டும் ஒண்ணுதானுங்க். நம்மளுக்கு இருக்கற முட்டி நோவுக்கு, வுழுந்து கிழுந்து வெச்சா ஆரு தூக்கறது? சாரு வர்றாருங்களா?" "இல்ல, அவருக்கு மூட்டு வலி. பனிப் பக்கமே போறதில்லையாம்." "அப்பச் செரி. ஊட்டுக்காரரு வராத மலைக்கு நீங்க மட்டும் போயிச் சறுக்கிட்டு வாங்க," என்று சொல்லி ராமாத்தா தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மூட்டு வலி. முதலில் இந்தப் பயணமே வேண்டாம் என்றவர் அவர். "இந்தக் குளிர்ல எதுக்கு மதி, ஏப்ரல்ல வா, பூவெல்லாம் பூத்திருக்கும்." போன ஏப்ரலில் கேட்டபோது நவம்பரில் வா, இலையெல்லாம் சிவந்திருக்கும் என்றார். அந்த நாட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று பூக்கவோ சிவக்கவோ காத்திருந்தது, அவள் போவதற்கு மட்டும் காலம் கனியவில்லை. இந்தத் தடவை தாரகையின் பெயரிலேயே அழைப்புக் கடிதம் வாங்கி விசா எடுத்துவிட்டுத்தான் சொன்னாள். "சரி, என் ரூம் உனக்குப் பத்தாது, தாரு ஹாஸ்டல்ல விருந்தாளிங்களுக்குன்னு ஒரு அறை இருக்கு, அங்க தங்கிக்க. நான் வந்து வந்து பாத்துக்கறேன்" என்றார். வந்து வந்து. அதை அப்போது அக்கறை என்று எடுத்துக்கொண்டாள். கல்யாண வீடுகளில் அவளைக் கேட்பார்கள், ஊட்டுக்காரர் வரலீங்களா, இன்னும் அங்கியேதானா என்று, அவளும் சளைக்காமல் சொல்வாள், ஜப்பானில் இது சாதாரணம்ங்க, குடும்பத்தை ஓர் ஊரில் விட்டுவிட்டு ஆம்பளைகள் தனியாகப் போய் வேலை பார்ப்பார்கள், கம்பெனியே அதற்குப் படி கொடுக்கிறது, அதற்கென்று ஒரு வார்த்தையே உண்டு, தன்ஷின் ஃபுனின். வார்த்தையைச் சொன்னதும் கேட்டவர்கள் அடங்கிவிடுவார்கள். பெயர் வைக்கப்பட்ட விஷயத்தில் தப்பு இருக்காது என்று அவர்களும் நம்பினார்கள், சொல்லிச் சொல்லி அவளும் நம்பினாள்.

மணி எட்டு முப்பது. ஒன்பதுக்குத் தாரகை கூப்பிடுவாள், அங்கே பன்னிரண்டரை, கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிஷம். அதற்குள் முன்பதிவை முடித்துவிட்டால் முடித்தாயிற்று என்று சொல்லலாம், சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். அந்த மலைக்காரர்களின் வலைத்தளம் ஜப்பான் போன் நம்பர் இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை, அதனால் தாரகை தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் அனுப்பியிருந்தாள், நீயே போட்டுரும்மா, எனக்குப் பரீட்சை என்று. லிஃப்ட் சீட்டு இரண்டு, ஆயிற்று. மதியச் சாப்பாட்டுச் சீட்டு இரண்டு, ஆயிற்று, பன்றி இறைச்சி போடாத குழம்பு கிடைக்குமா என்று கேட்டு எழுத ஓர் இடம் இருந்தது, எழுதினாள். அப்புறம் வாடகைக்கு உடுப்பும் பூட்ஸும். இங்கேதான் அந்த ஊரின் லட்சணம் முழுசாக இருக்கிறது என்று அவள் புன்னகைத்தாள்: ஒவ்வொருவருக்கும் உயரம், எடை, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில், அரை சென்டிமீட்டர்வரை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாம் போய் இறங்கும்போது பெயர் எழுதிய சீட்டோடு பூட்ஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். ஹமமட்சு போன புதிதில் செருப்புக்கடைக்காரன் அவளிடம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டபோது, ஆறாம் நம்பர் ஏழாம் நம்பர் என்று செருப்புக்குள் காலை விட்டுப் பழகியவளுக்கு, நம் காலை நாமே அளந்து வைத்திருக்க வேண்டும் என்பதே புதுசாக இருந்தது, அன்றைக்கு வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்து அதன்மேல் தண்டபாணியை நிற்க வைத்துப் பென்சிலால் இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு போட்டாள், அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே நின்றார், இருபத்தாறரை. இடது பாதம் மட்டும் அகலம், கல்யாணத்துக்கு முன்னால் ஓசூர் ஃபேக்டரியில் இரும்புத் தகடு விழுந்து எலும்பு விரிந்து சேர்ந்தது. திரையில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது, சென்ற முறை தந்த அளவுகளைக் கொண்டுவரவா என்று. சென்ற முறையா? தாரகையும் பனியை மிதித்ததில்லையே, உன்கூடத்தாம்மா முதல்ல என்று போன வாரம்கூடச் சொன்னாளே. பழக்கதோஷத்தில் கேள்விக்குறி வருவதற்குள் விரல் அமுக்கிவிட்டது.

போன பிப்ரவரி பதினைந்து. போயிருக்கிறாள். முதலில் வலித்தது அதுதான், சின்னதாக, நகக்கண்ணில் குத்தியது போல: சிநேகிதிகளோடு போயிருப்பாள், அம்மா வருத்தப்படுவாள் என்று சொல்லாமல் விட்டிருப்பாள், போகட்டும், சின்னப் பெண், நமக்காக இரண்டாம் தரமும் முதல் தரம் மாதிரி விழுந்து காட்டுவாள். அதற்குள் கீழே மற்ற வரிகள் வந்து நின்றன. பதிவு செய்பவர்: தாரகை, உயரம் 161, பாதம் 24. உடன் வருபவர் ஒன்று: ஆண், உயரம் 172, எடை 81, பாதம் 26.5. உடன் வருபவர் இரண்டு: பெண், உயரம் 155, பாதம் 23. உடன் வருபவர் மூன்று: பள்ளி வயதுக்குக் கீழ், உயரம் 101, எடை 16, பாதம் 16.5, பிளாஸ்டிக் சறுக்கு வண்டி ஒன்று, சிறுவர் கையுறை ஒரு ஜோடி. குறிப்பு: தொந்தரவுக்கு மன்னிக்கவும், உடன் வருபவர் ஒன்றுக்கு இடது பாதம் சற்று அகலம், அகலமான வகை பூட்ஸ் இருந்தால் மிகவும் உதவியாக இருக்கும். வளர்மதி அந்தக் குறிப்பை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்கும்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது, பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை இல்லை. மரியாதை விகுதி சரியாக விழுந்திருந்தது, அந்தத் தொந்தரவுக்கு மன்னிக்கவும் அவள் சொல்லிக் கொடுத்தது, ஆறு வயதில் பக்கத்து வீட்டுக்குத் தட்டைத் திருப்பிக் கொடுக்க அனுப்பும்போது வாசலில் நிற்க வைத்துப் பத்துத் தரம் சொல்ல வைத்தது. எடை எண்பத்தொன்று. எழுபத்தாறு என்றல்லவா சொன்னார், இளைத்துவிட்டேன், கைச்சமையல், யார் போடுகிறார்கள் என்று.

இல்லை, இரு, ஏன் அவசரப்படுகிறாய். கம்பெனியில் குடும்பங்களோடு சுற்றுலா போவார்கள், அதற்காக இருக்கலாம். ஆனால் கம்பெனிச் சுற்றுலாவில் எல்லோரும் ஒரே பதிவில் வரமாட்டார்கள், பதிவு தாரகையின் பெயரில் இருக்காது. சரி, யாராவது கூட வேலை செய்கிற ஜப்பான்காரர், பாவம், கடைசி நேரத்தில் வர முடியாமல் மனைவியையும் குழந்தையையும் இவர்களோடு அனுப்பியிருக்கலாம். ஜப்பான்காரன் அனுப்புவானா? மனைவியை, குழந்தையை, அடுத்தவன் குடும்பத்தோடு, ஒரே குழுவாக? அவன் ஒரு குடையைக் கடன் வாங்கினாலே மறுநாள் இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பவன். சரி, தாரகைக்கு ஒரு டீச்சர் இருக்கலாம், டீச்சருக்கு ஒரு குழந்தை இருக்கலாம், அப்பாவும் வரட்டுமே என்று அழைத்துப் போயிருக்கலாம். மூட்டு வலிக்காரரையா? பனிப் பக்கமே போகாதவரையா? அப்படியே இருந்தாலும் அந்த டீச்சரின் பாத அளவு அரை சென்டிமீட்டர் சுத்தமாக என் மகளுக்கு எப்படித் தெரியும்? கேட்டு எழுதியிருப்பாள். எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, உனக்கு எத்தனை, உனக்கு எத்தனை என்று கேட்டு எழுதியிருப்பாள். குழந்தைக்கு அளக்க வேண்டியிருந்திருக்கும், குழந்தையின் கால் மாதத்துக்கு மாதம் வளருமே, யாரோ ஒருவர் காகிதத்தை விரித்து நிற்க வைத்துப் பென்சிலால். இங்கே அவள் மனசு நின்றது, வண்டி மாடு பள்ளத்தைக் கண்டு நிற்பது மாதிரி, அடித்தாலும் நகராமல். சமையலறையில் ராமாத்தா பாத்திரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே மருதமலைப் பக்கம் இன்னும் மூட்டம் கலையவில்லை. மணி எட்டு நாற்பத்தி நாலு. பதினாறரை சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? கட்டை விரலையும் சுண்டு விரலையும் மேஜைமேல் விரித்துப் பார்த்தாள், அவளுடைய சாணைவிடக் கொஞ்சம் குறைச்சல். அதை அளக்காமல் இருந்திருக்கலாம்.

ஓமம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சமையலறையில் ராமாத்தா ஏதாவது டப்பாவைத் திறந்தாளோ என்னவோ, ஓமம் என்று வந்தது. கொரோனாவுக்கு அடுத்த வருஷம், சித்திரையா வைகாசியா, ஒரு வருஷமாக விமானம் இல்லாமல் அவர் அங்கே அடைபட்டுக் கிடந்த காலம். போனில் கேட்டார்: "மதி, கைக்கொழந்தைக்கு வயித்து வலின்னா நம்ம ஊர்ல என்ன குடுப்பாங்க?" கைக்குழந்தைக்கா, யாருக்கு? "இங்க கூட வேலை செய்யற பையன் ஒருத்தன், புதுசாக் கொழந்தை, ராத்திரியெல்லாம் அழுவுதாம், ரெண்டு பேருமே சின்னதுங்க, ஒண்ணும் தெரியல." அவளுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம். முடங்கிக் கிடந்த அந்த நாட்களில், மாஸ்க்கும் பயமுமாக, ஒருவர் தன்னிடம் ஒன்று கேட்கிறார், தன்னால் ஒன்று சொல்ல முடிகிறது. குழந்தைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், முதலில் டாக்டரைக் கேட்கட்டும், அம்மாதான் ஓமத் தண்ணி குடிக்க வேண்டும், பாலில் இறங்கும் என்று விவரமாகச் சொல்லி, அளவெல்லாம் ஜப்பானிய மொழியில் அழகாக ஒரு தாளில் எழுதி, வறுத்த ஓமத்தைப் பொட்டலம் கட்டி, அந்தப் பையனின் மனைவி படிக்கட்டும் என்று கடைசியில் வாழ்த்தும் எழுதி, உங்கள் குழந்தை நிம்மதியாகத் தூங்கட்டும் என்று எழுதி, கூரியரில் அனுப்பினாள். பத்து நாள் கழித்து அவர் சொன்னார், கேட்டுதாம் மதி, நல்லாத் தூங்கறானாம். எவ்வளவு நன்றியோடு சொன்னார். அந்த நன்றி நிஜம். அதை இப்போது என்ன செய்வது? பொய்யாக இருந்தால் தூக்கி எறியலாம், அந்தக் குரலில் இருந்த நன்றி நிஜமாக இருந்ததே. அந்தத் தாளை ஒருத்தி படித்திருக்கிறாள், நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருத்தி, இந்தியப் பெண்ணின் எழுத்து எவ்வளவு நேர்த்தி என்று வியந்திருக்கலாம், அல்லது யார் எழுதியது என்று தெரிந்தே குடித்திருக்கலாம். எது மோசம்? தெரிந்தா, தெரியாமலா? அப்புறம் வீடியோ காலில் அவர் சாப்பிடும்போது போன் ஆடாமல் அசையாமல் நிற்குமே, எதன்மேல் சாய்த்து வைக்கிறீங்க என்று ஒரு தரம் கேட்டாளே, அரிசி டப்பா என்றாரே, அது யார் கையோ, அப்புறம் அவர் தீபாவளிக்கு வந்தபோது தெருவில் போகிற யார் குழந்தையைப் பார்த்தாலும் குனிந்து உட்கார்ந்து அதன் உயரத்துக்குப் பேசினாரே, வயசானால் ஆம்பளைகளுக்குக் குழந்தைமேல் பிரியம் வரும் என்று நினைத்தாளே. எத்தனை நினைத்திருக்கிறாள். பத்து வருஷமாக அவருக்காக இவள் நினைத்துக் கொடுத்த காரணங்களை வரிசையாக வைத்தால் இந்த வீடு கொள்ளாது, அவர் ஒரு காரணம்கூட யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

ஆனால் அவர் போகட்டும். ஆச்சரியம், அவர் போகட்டும் என்று சொல்ல வருகிறது, பத்து வருஷமாக அவர் தொலைவில் இருக்கிற ஓர் ஆள், தொலைவில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த வீட்டில் இரண்டு தலையணைகளோடு அம்மாவும் மகளுமாக ஏழரை வருஷம் இருந்தார்களே, அதுதான் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதத் தெரியாமல் அழுதுகொண்டு வந்தவளுக்கு ராத்திரி பகலாகச் சொல்லிக் கொடுத்து, முதல் மாதவிடாயில் பயந்து நடுங்கியவளைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதவற்றை என்னிடம் சொல்லு, நான் உன் அம்மா மட்டும் இல்லை என்று. சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பில் ஒரு பையன் கொடுத்த கடிதத்தைக்கூட முதலில் அம்மாவிடம்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படிப்பட்டவள் இரண்டரை வருஷமாகத் தினம் ஒன்பது மணிக்குத் தட்டை வைத்துக்கொண்டு, இன்னிக்குச் சோயாபீன் குழம்பும்மா, இன்னிக்குப் பரீட்சைம்மா, அப்பா நல்லா இருக்காரும்மா, ஞாயித்துக்கிழம வந்தாரு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை, இவள் போயிருக்கிறாள். அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டு, அந்தக் குழந்தையோடு விளையாடி, திங்கட்கிழமை என்னோடு பேசியிருக்கிறாள். வேண்டுமென்றே பாஸ்வேர்டைக் கொடுத்தாளா? சொல்ல முடியாததைப் பச்சைப் பொத்தான் சொல்லட்டும் என்று? அல்லது மறந்துவிட்டாளா? மறந்திருந்தால் என் பெண், அசட்டுப் பெண். வேண்டுமென்றே என்றால் அவள் வேறு யாரோ. மணி எட்டு ஐம்பத்தாறு. கேட்கலாம். கேட்டால் என்ன ஆகும் என்று தெரியும், அழுவாள், அப்புறம் நாளைக்குக் கூப்பிடத் தயங்குவாள், நாளன்றைக்குப் பரீட்சை இருக்கும், அடுத்த வாரம் பத்து நிமிஷம் ஐந்து நிமிஷம் ஆகும், அங்கே சிரிப்பும் சறுக்கு வண்டியுமாக ஒரு வீடு இருக்கிறது, இங்கே கேள்வி கேட்கிற ஒருத்தி இருக்கிறாள், இருபது வயதுக்காரி எந்தப் பக்கம் போவாள்? கேட்காமல் இருக்கலாம். கேட்காமல் இருந்தால் நாலரைக்கு எழுப்பி, ஆறு முப்பத்தெட்டுக்கு ரயில் ஏறி, தெரியாதவளைப் போலத் தெரியாதவளோடு மலைக்குப் போய், முதல் முதலாகப் பனியை மிதிக்கிற சந்தோஷத்தை இரண்டு பேரும் மாற்றி மாற்றி நடித்துவிட்டு நாலு பத்து பஸ்ஸில் திரும்பலாம். மகள் மிஞ்சுவாள். எந்த மகள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்க மாட்டேன், கேட்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், போன் அடித்தது.

"முடிச்சுட்டியாம்மா?" கேன்டீன் இரைச்சலுக்கு நடுவில் தாரகையின் முகம், வாயில் எதையோ மென்றுகொண்டு.

"பஸ் வரைக்கும் ஆச்சு."

"எட்டே கால்தானே? அதுல இடது பக்கமா உக்காரணும்மா, ஆத்துப் பாலம் வர்றப்ப மலை பூராத் தெரியும்." மென்றதை விழுங்கினாள். "ஃபிரெண்டு சொன்னா."

"சரி."

"என்ன சரி? சந்தோஷமாவே சொல்லமாட்டேங்கற. ராமாத்தாக்கா ஏதாச்சும் பயமுறுத்திட்டாங்களா, வுழுந்து வெப்பேன்னு?" சிரித்தாள். "பூட்ஸ் சைஸ் போட்டியா? உனக்கு இருபத்திரண்டரை, எனக்கு இருபத்தி நாலு."

"உன்னுது போட வேண்டியதில்ல கண்ணு. ஏற்கெனவே இருக்குது."

தாரகை ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. வளர்மதியிடம் எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன, இந்த இருபது நிமிஷத்தில் இரண்டு மொழியிலும் தானாகச் சேர்ந்தவை, எப்படி உனக்கு மனசு வந்தது என்பது, நான் உனக்கு யார் என்பது, உங்கப்பனும் நீயும் சேர்ந்து என்பது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்பதைப் போல ஒன்றுதான் வாயில் வந்தது.

"அந்தக் கொழந்தைக்கு என்ன வயசு?"

எந்தக் குழந்தை என்று கேட்பாள் என்று வளர்மதி காத்திருந்தாள். கேட்டுவிடேன், ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லேன், டீச்சர் குழந்தை என்று சொல், நம்புகிறேன்.

"பிப்ரவரி வந்தா அஞ்சும்மா."

"பையனா?"

"ம்."

"உன்னை என்னன்னு கூப்பிடறான்?"

தாரகை கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாள். "அக்கான்னு."

"தமிழ்லயா?"

"அப்பா சொல்லிக் குடுத்தாரு."

அந்த வார்த்தைக்கு ஜப்பானிய மொழியில் வேறு வார்த்தை இருக்கிறது, நல்ல வார்த்தை, அதை விட்டுவிட்டு இதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். சமையலறை வாசலில் ராமாத்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, வளர்மதியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். போனில் தாரகை அழ ஆரம்பித்திருந்தாள், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல், தலையைத் தட்டுக்கு நேராகக் கவிழ்த்துக்கொண்டு. "சொல்லணும்னுதாம்மா இருந்தேன். வந்த முதல் மாசமே எனக்குத் தெரிஞ்சுருச்சு. தெனமும் உன்னோட பேசறதுக்கு முன்னாடி இன்னிக்குச் சொல்லிரணும்னு நெனப்பேன். நீ எடுத்ததும் சாப்பிட்டியா கண்ணும்ப. எப்படிம்மா சொல்றது? நீ வருவேல்ல? அம்மா, வருவேல்ல?"

வளர்மதி திரையைப் பார்த்தாள், அந்தச் சின்னச் சதுரத்தில் மகளின் வகிடு மட்டும்தான் தெரிந்தது, கோணலாக எடுத்த வகிடு. கையெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் கலைத்துவிட்டு மறுபடி எடுத்துவிட்டிருப்பாள், அறைந்தும் இருப்பாள்.

"வர்றேன். டிக்கெட்தான் எடுத்தாச்சே."

"என்மேல கோவமா?"

தான் போய் இறங்குகிற அன்றைக்கு அந்த மனுஷன் விமான நிலையத்தில் எந்த முகத்தோடு நிற்பார், வந்து வந்து பார்த்துக்கொள்கிறவர், மூட்டு வலிக்காரர், அந்த முகத்தை அவர் தயாராக்கி வைப்பதற்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"உங்கப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத."

"சொல்ல மாட்டேம்மா," என்றாள் தாரகை. அழுகைக்கு நடுவில் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, குரல் ஏறவில்லை, இறங்கவில்லை, சொல் தேடவில்லை. இதே சொல்லை இதே குரலில் அப்பாவிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்று வளர்மதிக்கு அப்போதுதான் கேட்டது.